வாசகசாலைக்கு எந்த வானம்?

எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் அறைக்குள் ஒரு வானத்தைக் கொண்டுவர வேண்டும் என்று சென்ற ஆனி மாதம் வாசகர் வட்டம் முடிவு செய்தது. ஊர், திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, குடமுருட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அறை 24 அடி நீளம், 18 அடி அகலம், 10 அடி உயரம். தெற்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. பழைய மாணவர்கள் சேர்த்துக் கொடுத்த 80,000 ரூபாய் கையில் இருக்கிறது. எதில் வரைவது, எதை வரைவது என்பதில்தான் ஒருமித்த கருத்து வரவில்லை. அச்சுப் படம் போதும் என்றார் ஒருவர். சுவரில் தீட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். தஞ்சாவூர்க்காரர்கள் நாம், தங்க ரேக்கு ஒட்டிய பலகைப் படம்தான் வேண்டும் என்றார்கள் இரண்டு பேர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் என்பதால், விசாரித்து ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வேறு ஊர்ப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் எழலாம், அவர்களுக்கும் பயன்படட்டும்.

அச்சிலிருந்து தொடங்குகிறேன். 2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளியானபோது, கரீனா நெபுலா என்னும் வாயு, தூசி மேகத்தின் விளிம்பைக் காட்டும் படம் ஒன்று அவற்றில் இருந்தது. கீழே செம்பழுப்பு மலைத்தொடர் போல வாயுவும் தூசியும், மேலே நீலவெளி, நடுவே புதிதாகப் பிறக்கும் விண்மீன்கள். 7,600 ஒளியாண்டுத் தொலைவு. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நாசா முதலிய நிறுவனங்களின் பெயரைக் கீழே போட்டால் போதும், கட்டணம் இல்லை. முழு அளவுக் கோப்பு 14,575 புள்ளி அகலமும் 8,441 புள்ளி உயரமும் கொண்டது. 24 அடிச் சுவர் முழுவதும் விரித்தால் ஓர் அங்குலத்துக்கு ஐம்பது புள்ளி வரும். ஆறடி தள்ளி நின்று பார்க்க அது தாராளம்.

ஆனால் 24 அடி அகலம் வைத்தால் உயரம் ஏறத்தாழ 14 அடி வேண்டும். சுவர் 10 அடிதான். கால் பங்குக்கு மேல் வெட்டிவிட நேரும். கடைக்காரர் “மேலே இருக்கும் நீலத்தை எடுத்துவிடலாம் அம்மா, ஒன்றுமில்லாத இடம்தானே” என்றார். அந்த நீலவெளியில் இருக்கும் இளம் விண்மீன்களின் கதிர்வீச்சும் காற்றும்தான் கீழே உள்ள மலைகளை அரித்துச் செதுக்குகின்றன. மேலே உள்ளதை வெட்டினால் கீழே உள்ளதற்குக் காரணம் போய்விடும். சுவருக்காகப் படத்தைக் குறுக்குவதற்கு நான் சம்மதிக்கவில்லை.

அச்சிடும் பொருளும் முக்கியம். ஃபிளெக்ஸ் மலிவு, முழுச் சுவருக்கும் ஐந்தாயிரத்துக்குள் முடித்துவிடலாம் என்றார்கள். ஆனால் அது பளபளக்கும். குழல் விளக்கின் வெளிச்சம் அதில் வெள்ளைக் கோடாக விழுந்து நெபுலாவை இரண்டாக அறுக்கும். மங்கலான பரப்புள்ள கேன்வாஸில் அச்சிட்டு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை; செலவு மூன்று நான்கு மடங்கு கூடும், அவ்வளவுதான்.

கைபேசியில் அந்தப் படத்தைச் சிறுவர் அறையில் காட்டிக்கொண்டிருந்தபோது ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “டீச்சர், இந்த இடம் நம் ஊரிலிருந்து தெரியுமா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெரியும். நம் காவிரிப் படுகை வடக்கு அட்சரேகை 11 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருப்பதால், ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு எழாத கரீனா நமக்கு எழுகிறது. சித்திரை பிறக்கும் நாட்களில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்து, கையை நீட்டி, அடிவானத்தின் மேல் முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை வைத்தால் வரும் உயரம். ஊர் விளக்குகள் படாத வயல்வெளியிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் மங்கலான புகைத்திட்டாகத் தெரியும். அதுவரை அச்சுப் படத்தை எங்கிருந்தோ வந்த விருந்தாளியாக நினைத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அதற்கு நம் வானத்தில் ஒரு முகவரி கிடைத்தது.

அடுத்தது சுவரோவியம். இதைப் பற்றி எனக்கு வலியோடு சொல்ல ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மாணவர்களை வைத்துக்கொண்டு கோடை விடுமுறை முழுவதும் சூரியக் குடும்பத்தை வரைந்தேன். சனியின் வளையத்துக்கு மட்டும் ஐந்து நாள் பிடித்தது. சுவரில் ஓதம் ஏறுகிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது ஐப்பசி மழையில் சுவர் உப்புப் பூத்தது. வண்ணம் செதில் செதிலாக உரிந்தது. வரைந்த பிள்ளைகள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஆற்றுப்படுகையில் நிலத்தடி ஈரம் அதிகம். செங்கல் சுவர் அதை உறிஞ்சி மேலே ஏற்றும். ஈரத்தோடு உப்பும் ஏறும். பிளாஸ்டிக் எமல்ஷன் பூசிய சுவர் மூச்சுவிட முடியாமல், உப்பு உள்ளிருந்தே வண்ணத்தைத் தள்ளிவிடும். எங்கள் நூலகச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி வரை ஓதத்தின் கறை இருக்கிறது. அந்தச் சுவரில் எவ்வளவு நல்ல ஓவியரைக் கொண்டு தீட்டினாலும் காலணாவுக்கு உத்தரவாதம் கிடையாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஆயிரம் ஆண்டு ஓவியம் நிற்கிறதே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அங்கே கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகும்போது வண்ணமும் அதற்குள்ளேயே கல்லாகிவிடுகிறது. அடியில் செங்கல் இல்லை, கருங்கல். மேலே நாயக்கர் காலத்தில் இன்னோர் அடுக்கு ஓவியம் போர்வைபோல் மூடியிருந்தது. 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி அங்கே நுழைந்து பார்க்கும்வரை சோழர் ஓவியம் இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. வெயில், மழை, கைபடுதல் எதுவும் அண்டாத இருட்டு. சிறுவர் அறையில் அப்படி ஒரு சூழலை உண்டாக்க முடியாது. மாடியில் உலர்ந்த சுவர் உள்ளவர்கள், எமல்ஷனை விட்டுவிட்டு நல்ல சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டினால் சுவரோவியம் சிறந்த தேர்வுதான். அதை நான் மறுக்கவே இல்லை.

சுவரில் எதை வரையலாம் என்று வந்த யோசனைகளில் ஒன்று என்னைக் கவர்ந்தது. சூரியனார் கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் என்று ஒன்பது கோள் தலங்களும் இந்தப் படுகைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை வரைபடமாக்கி அருகிலேயே உண்மையான கோள்களைக் காட்டலாம் என்றார் எங்கள் நூலகர். ராகுவும் கேதுவும் பருப்பொருள்கள் இல்லை. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். கிரகணம் அந்தப் புள்ளிகளுக்கு அருகில்தான் நிகழும். 2019 டிசம்பர் 26 அன்று திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்ததை இந்தப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். கீழப்பெரும்பள்ளத்தில் தொடங்கி அந்த வளையத்தில் முடிக்க நல்ல பாடம். இதை ஒரு பலகையில் தனியாகச் செய்யலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

தஞ்சாவூர்ப் படத்துக்கு வருகிறேன். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிக் கலவையால் மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டும் இந்தக் கலைக்கும் வெப் தொலைநோக்கிக்கும் உள்ள உறவு தெரிந்தபோது உண்மையாகவே சிலிர்த்தேன். அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. மொத்த விட்டம் 6.5 மீட்டர். பெரிலியத் தகட்டின்மேல் தங்கம் பூசியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தங்கம் மிக நன்றாகத் திருப்பி அனுப்பும் என்பதுதான் காரணம். அவ்வளவு பெரிய கண்ணாடிக்கும் பயன்பட்ட தங்கம் 50 கிராமுக்குள். நம் ஊர்ப் பெண்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் அளவு. விட்டத்தை அடியாக மாற்றினால் 21. எங்கள் சுவரின் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஆனாலும் இந்த அறைக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. தஞ்சாவூர்ப் படம் அருகில் நின்று, விளக்கு வெளிச்சத்தில், ஒரே உருவத்தைப் பார்ப்பதற்கானது. கண்ணனின் கன்னமும் ஆபரணமும் பளிச்சிட வேண்டிய இடம் அது. வானத்தின் பெரும்பகுதி வெறுமை. தங்க ரேக்குக்கு வெறுமையைச் சொல்லத் தெரியாது. பெரிய பலகை நம் ஊர் ஈரத்தில் வளையும். கண்ணாடிச் சட்டம் போட்டே தீர வேண்டும். எங்கள் பணத்தில் பெரிய அளவுக்கு வழியும் இல்லை. பதினெட்டு அறுகோணங்களையும் தங்க ரேக்கில் காட்டும் ஒரு சிறு பலகை, இரண்டடிக்கு இரண்டடி, நுழைவாயிலில் இருந்தால் அழகாக இருக்கும். பிறகு பணம் சேர்ந்தால் செய்யலாம்.

சுவாமிமலை வெண்கலத்தில் நிலாத்தரையை வார்த்துத் தொட்டுப் பார்க்க வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. பார்வையற்ற வாசகர்களுக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. விலை எடைக்கணக்கில் வருவதால் இப்போதைக்குக் கைக்கு எட்டவில்லை. மெல்லிய செடித்தண்டில் செய்யும் நெட்டி வேலைப்பாடு பிள்ளைகள் கைபட்டால் நொறுங்கிவிடும்.

துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன் என்றும் சொல்ல முடியாது. கோயிலில் தலையை நிமிர்த்தினேன், அங்கே இருந்தது. சுவாமி எழுந்தருளும் மண்டபத்தில் மேலே கட்டும் விதானத் துணிக்கு இந்தப் பக்கத்தில் அஸ்மானகிரி என்று பெயர். ‘ஆஸ்மான்’ என்றால் பாரசீகத்தில் வானம். நடுவில் பூவட்டம், சுற்றிலும் கொடியும் பறவையும், ஓரத்தில் கரை. தலைமுறை தலைமுறையாக நாம் தலைக்கு மேல் கட்டி வந்த துணிக்கு வானம் என்றே பெயர் வைத்திருக்கிறோம். அதில் உண்மையான வானத்தை எழுதினால் என்ன?

கும்பகோணத்துக்கு அருகில் சிக்கல்நாயக்கன்பேட்டையில், துணியில் கையால் எழுதிச் சாயமேற்றும் இந்தக் கலம்காரி வேலை இன்னும் நடக்கிறது. கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் சேர்ந்த நீரில் ஊறவைத்து உலர்த்தி, மூங்கில் குச்சியால் கோடு எழுதுகிறார்கள். இரும்பை வெல்லக் கரைசலில் ஊறவைத்தால் கறுப்பு கிடைக்கும். படிகாரமும் சாயவேரும் சேர்ந்தால் சிவப்பு. வெள்ளை வேண்டிய இடத்தில் மெழுகு வைத்துச் சாயம் ஏறாமல் காப்பார்கள். அதாவது இந்த வானத்தில் விண்மீனை யாரும் தீட்டப்போவதில்லை. சாயம் தொடாத துணிதான் விண்மீன். இதைக் கேட்ட நிமிடத்தில் நான் முடிவு செய்துவிட்டேன்.

வாசகர் வட்டத்தில் ஆட்சேபம் எழுந்தது. வானம் கறுப்பு, இந்தத் துணியின் தரை, அதாவது பின்னணி, சிவப்பு, பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லித் தரலாமா? துணி முழுவதையும் இரும்புக் கறுப்பில் தோய்க்கலாம். ஆனால் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறுப்பு நாளடைவில் பருத்தியைத் தின்றுவிடும். பழைய துணிகளில் முதலில் இற்றுப்போவது கறுப்புக் கோடுகள்தான். கோட்டுக்குக் கறுப்பு சரி, தரைக்கு ஆகாது.

அதோடு, வெப் படத்தில் நாம் வியக்கும் வண்ணங்களும் கண்ணால் காணக்கூடியவை இல்லை. அந்தத் தொலைநோக்கி பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியைப் பதிவு செய்கிறது. அலைநீளம் கூடியதற்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம் என்று வரிசை மாறாமல் மனிதர்கள் பிறகு நிறம் கொடுக்கிறார்கள். 1995-இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்துப் புகழ்பெற்ற ‘படைப்பின் தூண்கள்’ என்ற வாயுமேகப் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் பல பத்தாண்டுகளாகக் கையால் வரைந்து சேர்த்த சூரிய வரைபடங்களிலும் புள்ளிக்கு ஒரு நிறம், இழைக்கு ஒரு நிறம். நிறம் ஓர் ஏற்பாடு. அதைப் பார்ப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்த விண்மீன் எங்கே நிற்கிறது, எது பெரியது, எது எதற்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதில் நம் விருப்பத்துக்கு இடமில்லை. சிவப்புத் தரையில் சரியான இடத்தில் நிற்கும் கார்த்திகை, கறுப்புத் தரையில் கண்டபடி தெளித்த புள்ளிகளைவிட உண்மையானது. அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

எந்த இரவை எழுதுவது என்பதற்குத்தான் நிறைய யோசித்தேன். திருவாதிரை மீனின் பாதை நம் ஊர் உச்சிக்கு மிக அருகே செல்கிறது. மூன்று நான்கு டிகிரிதான் வித்தியாசம். விதானத்தின் நடுப் பூவட்டம் இருக்கும் இடத்தில் ஆடவல்லானின் மீனை வைக்க இயற்கையே இடம் கொடுத்திருக்கிறது. மார்கழித் திருவாதிரை இரவை எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். அன்று முழுநிலவை ஒட்டிய சந்திரன் அந்த மீனின் பக்கத்திலேயே நின்று மற்ற மீன்களை மறைத்துவிடும். எனவே தை அமாவாசை. பகலில் ஆற்றிலும் பூம்புகார்க் கடலிலும் நீராடித் திரும்பிய ஊர், இரவு ஒன்பது பத்து மணிக்கு நிலவில்லாத வானத்தின் கீழ் இருக்கும். உச்சியில் திருவாதிரை, அருகே ஒரே வரிசையில் மூன்று மீன்கள், மேற்கே சாய்ந்து உரோகிணியும் கார்த்திகையும், வடகிழக்கில் புனர்பூசம், தென்கிழக்கில் சிரியஸ், தெற்கே தாழ்வாக அகத்திய மீன். துருவ மீன் வடக்கே தென்னந்தோப்புக்குச் சற்று மேலே, 11 டிகிரியில்.

வெள்ளியையும் சேர்க்க வேண்டும் என்றார் எங்கள் தமிழாசிரியர். பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே, வெண்மீன் தெற்கே திரிந்தாலும், மழை பொய்த்தாலும், காவிரி பொய்க்காது என்று வருகிறது. அவர் கேட்டதில் நியாயம் உண்டு; ஆனால் ‘திரிந்தாலும்’ என்ற சொல்லிலேயே தடையும் இருக்கிறது. கோள்கள் இடம் மாறுபவை. அவற்றைத் துணியில் நிலையாக எழுதினால் அடுத்த ஆண்டே பொய்யாகிவிடும். ஐந்து கோள்களையும் சிறு துணித்துண்டுகளாக வெட்டித் தைத்து, மாதம் ஒருமுறை ஏணி வைத்துப் பிள்ளைகளே இடம் மாற்றிக் குத்த வேண்டும் என்று ஏற்பாடு. அந்த இரவின் வானத்தில் இல்லாத கோள் பெட்டியில் இருக்கும்.

செய்யப்போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். துணியை ஓவியர் தரையில் விரித்து எழுதுவார். நாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்போம். அதனால் வடக்கை மேலே வைத்து எழுதினால் கிழக்கு இடப்பக்கம் வர வேண்டும். நில வரைபடம்போல் வலப்பக்கம் எழுதிவிட்டால், தொங்கவிடும்போது வானம் புரண்டுவிடும். எங்கள் அறையில் மின்விசிறிகள் இரு கோடிகளில் இருப்பதால் நடுவே 10 அடிச் சதுரம் கிடைத்தது. நேர் வெயில் படக்கூடாது. மழைக்காலத்தில் பூஞ்சை வராமலிருக்கத் தளத்துக்கும் துணிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு, ஓரங்களில் வசம்பு முடிந்து வைக்க வேண்டும். கழற்றி மாட்டும்படி வளையங்கள் தைப்பது அவசியம்; ஓதம் பிடித்த சுவரை நம்மால் கழற்ற முடியாது, துணியை முடியும்.

செலவில் பெரும்பகுதி இதற்கே போகிறது. கைக்கூலி அது, பேரம் பேச எனக்கு மனமில்லை. மீதமுள்ளதில் கரீனா படத்தை 8 அடி அகலத்தில் கேன்வாஸில் அச்சிடுகிறோம். உயரம் ஐந்து அடிக்குள் அடங்கும், எதையும் வெட்ட வேண்டாம், ஓதம் ஏறும் மூன்றடிக்கு மேலேயே தொங்கும். அதைத் தெற்குச் சுவரில் மாட்டுகிறோம், அந்தச் சிறுமியின் கேள்விக்காக.

சாயமேற்றிய துணியை அலச ஓடும் நீர் இருந்தால் நல்லது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்திருக்கும். அதற்குள் அலசி முடித்துவிட்டால், மாசி வெயிலில் மீதி வேலை பார்த்து, சித்திரை முதல் நாள் கட்டிவிடலாம் என்கிறார் ஓவியர். அன்று இரவு ஒன்பது மணிக்குக் கரீனா தெற்கே இருக்கும்.

இப்போது அவர் எங்களிடம் கேட்டிருப்பது மீன்களின் அளவுப் பட்டியல்: எதற்கு எவ்வளவு பெரிய மெழுகுப் பொட்டு வைப்பது? தை மாத முன்னிரவு வானம் புரட்டாசியில் விடியலுக்கு முன் தெரியும். ஆகவே அந்தச் சிறுமியும் இன்னும் ஆறு பிள்ளைகளும் பெற்றோருடன் நாலரை மணிக்கு நூலகத்து மொட்டைமாடிக்கு வருகிறார்கள். பாயில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு மீனையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறார்கள். திருவாதிரையின் ஒளி கூடிக்குறையும். 2020-இன் தொடக்கத்தில் அது வழக்கத்தில் பாதிக்கும் கீழே மங்கியிருந்தது என்று சொன்னேன். அப்படியானால் பொட்டு எந்த அளவில் வைப்பது என்று நேற்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். உரோகிணியைவிடக் கொஞ்சம் பெரியதாக, சிரியஸைவிட நிச்சயம் சிறியதாக என்று பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். இன்னும் மையால் எழுதவில்லை.